நாற்பத்திரண்டாவது வள்ளம்

ஸ்பெயின் தேசத்து மொழியியல் பேராசிரியை சிலுவைத்துறைக்கு வந்து சீட்டி கற்றுக்கொடுக்கத் தொடங்கிய எழுபத்தோராம் நாள், கடலுக்குப் போயிருந்த நாற்பத்தொரு வள்ளங்களையும் கரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டபோது, நாற்பத்திரண்டு பதில் வந்தது. எண்ணியவள் கித்தேரியம்மாள். அவள் எண்ணினால் தப்பாது என்பது ஊருக்குத் தெரியும், அதனால் ஒருவரும் திரும்ப எண்ணச் சொல்லவில்லை. அவள் மட்டும் விரல் மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தாள். நாற்பத்திரண்டுதான்.

“கூட ஒண்ணு இருக்கு,” என்றாள், பக்கத்து வீட்டு பெர்னதெத்துக்கு மட்டும் கேட்கும்படி.

“குறைஞ்சாத்தானட்டி அழணும். கூடினா என்ன?” என்றாள் பெர்னதெத்து. சொல்லிவிட்டு அவளும் ஓரடி பின்னால் வந்து நின்றாள்.

பேராசிரியையின் பெயர் நியேவெஸ். கனாரித் தீவுகளில் ஒரு தீவில், மலைக்கு மலை ஆட்கள் சீட்டியிலேயே பேசிக்கொள்ளும் இடத்தில் பிறந்தவர். ஸ்பானிஷ் மொழியைச் சீட்டியில் பேசுவது எப்படி என்று முப்பது வருஷம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு, தமிழையும் அப்படிப் பேச முடியுமா என்று ஆராய வந்திருந்தார். மதுரையில் மூன்று வருஷம் தமிழ் படித்ததால் புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவார். “தாங்கள் இன்று என்ன மீன் பிடித்தீர்கள்?” என்று அவர் கேட்டால், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நியேவெஸ் என்றால் அவர்கள் மொழியில் பனி என்று தெரிந்ததும், ஊர்க் கோயிலில் இருப்பதும் பனிமய மாதாதானே என்று அவரை நேவிஸ் டீச்சர் ஆக்கிக்கொண்டார்கள்.

ஊர்க்கமிட்டித் தலைவர் சந்தியாகு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “வீட்டுக்குள்ள சீட்டியடிச்சா பாம்பு வரும். வள்ளத்துல அடிச்சா காத்து வரும். பொம்பள அடிச்சா ரெண்டும் சேந்து வரும்,” என்றார். ஆனால் இரண்டாம் மைலுக்கு அப்பால் செல்போன் எடுக்காது என்பதும், சடலம்கூடக் கரைக்கு வராமல் கடலில் போனவர்கள் பதினேழு பேர் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு நாள் காலை டீச்சர் கோயில் கோபுரத்தில் ஏறி நின்று விரலை வாயில் வைத்து ஊத, மூன்று மைல் வெளியே நின்ற வள்ளத்திலிருந்து டீச்சர் கூட்டி வந்த மாணவன் ஊதிப் பதில் சொல்ல, “அவன் கயிறு தேவை என்கிறான்” என்று டீச்சர் கீழே இறங்கி வந்து சொல்ல, அந்த மாணவன் கரைக்கு வந்து “கயிறு எங்க?” என்று கேட்க, அதற்குப் பிறகு சந்தியாகு வாய் திறக்கவில்லை.

வகுப்பு கோயில் மண்டபத்தில், வாரத்தில் ஐந்து நாள். ஆண்கள் கடலில் இருக்கிற நேரம் பெண்களுக்கும், அவர்கள் வந்து தூங்கி எழுந்தபின் ஆண்களுக்கும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு சீட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டி என்று வைத்து, ஒவ்வொன்றையும் டீச்சர் ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியில் அடுக்கினார். வந்த முப்பத்தாறு பெண்களில் முதலில் தேறியவள் கித்தேரியம்மாள்தான். இது யாருக்கும் நம்பும்படி இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் குரல் எழும்பாது. ரேஷன் கடையில் எல்லோரும் வாங்கிப் போகும்வரை சுவரோடு நிற்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதும் வாத்தியார் கேள்வி கேட்பார் என்ற பயத்தினால்தான். ஆனால் சீட்டிக்கு முகம் கிடையாது. தலை குனிந்து, விரலை மடக்கி நாக்கின்மேல் வைத்து ஊதினால், சத்தம் அவளை விட்டுவிட்டுத் தனியே போய் வேலையை முடித்துவிட்டு வந்தது. அதனால் நண்பகலில் வள்ளங்களைக் கூப்பிட்டு எண்ணும் பொறுப்பைக் கமிட்டி அவளிடம் கொடுத்தது.

கூடுதலாக வந்த பதில் அன்று ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது. வகுப்பில் எல்லோரும் அதிகம் பழகியது எதுவோ அதை. “கரை எங்கே?”

கடலில் கூப்பிட்டவனுக்குக் குரல் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பது அந்தக் கரையின் சட்டம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியானாலும், வலையை அறுத்தவனானாலும், கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் யாரும் யோசிக்கவில்லை. பெர்னதெத்து விரலை வாயில் வைத்து, “யாரு?” என்று ஊதினாள். கடலிலிருந்து, “யாரு?” என்று வந்தது.

வேறு ஊராக இருந்தால் அதோடு பயந்து கதவைச் சாத்தியிருப்பார்கள். சிலுவைத்துறைக்காரர்களால் கூப்பிட்டவனைப் பெயரில்லாமல் விட முடியவில்லை. கடலில் போன பதினேழு பேரின் குடும்பங்களில் இரண்டு ஊரை விட்டுப் போயிருந்தன. மீதிப் பதினைந்து குடும்பமும் அடுத்த நாள் கரைக்கு வந்து தங்கள் தங்கள் ஆளின் பெயரை ஊதின. ஒவ்வொரு பெயருக்கும் அது அதே பெயரைத் திருப்பிச் சொன்னது. பதினைந்து வீட்டிலும் அன்று அழுதார்கள், பதினைந்து வீட்டிலும் அன்று சாப்பிட்டார்கள். கித்தேரியம்மாளும் தன் தம்பி லாசரின் பெயரை ஊதினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கொண்டல் காற்று திடீரென்று முறுக்கிய ஒரு காலையில் போனவன். “லாசர்,” என்று கடல் சொன்னதும் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது.

கமிட்டி கூடி மூன்று தீர்மானம் எழுதியது. கூப்பிடுவதற்குப் பதில் சொல்லலாம். எண்ணிக்கை இடிக்காமலிருக்க அதை நாற்பத்திரண்டாவது வள்ளமாகப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எக்காரணம் கொண்டும் அதற்குக் கரையின் வழியை மட்டும் சொல்லக் கூடாது.

“அடுத்து ரேஷன் கார்டு கேக்கும்,” என்றார் சந்தியாகு. யாரும் சிரிக்கவில்லை.

அப்படியாக ஊர் அதற்குப் பழகியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வரிசையாக நின்று அதற்கு வாய்ப்பாடு ஊதினார்கள், ஏழாம் வாய்ப்பாடு வரை தேறிவிட்டது என்றார் தலைமையாசிரியர். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் நாற்பத்திரண்டு வள்ளங்களுக்காகவும் என்று சொல்லத் தொடங்கினார். கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று வாரம் வாசித்ததோடு கடலைப் பார்த்தும் மூன்று முறை ஊதினார்கள். பெர்னதெத்து கருவாட்டுக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்தாள். பிடித்த மீனில் முதல் மீனைக் கணுக்கால் தண்ணீரில் போட்டார்கள், அது அடுத்த அலைக்குள் காணாமல் போயிற்று. இத்தனையும் செய்தவர்களில் ஒருவரும் கடலுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை. குழந்தைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடவில்லை. கரையில் படுத்துக்கிடக்கும் பதினொரு நாய்களும் கோயிலுக்குப் பின்னால் குடிபோய்விட்டன, திரும்பி வரவில்லை. கடலுக்குப் போய் வந்த ஆண்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். “சத்தம் இருக்கு. வள்ளம் இல்ல.”

கித்தேரியம்மாளின் புருஷன் கஸ்பார் தனியாகப் போய்த் தூண்டில் போடுகிறவர். முன்பல் ஒன்று விழுந்துவிட்டதால் அவர் சீட்டியில் காற்று கசியும். நாற்பத்தொன்றிலும் அது தனியாகத் தெரியும். அவர் மட்டும் அதனோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. அது “லாசர்” என்று ஊதுகிற நேரம், செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

ஆனால் ஊரிலேயே அதனோடு மிக அதிகம் பேசியவள் கித்தேரியம்மாள். இது ஒருவருக்கும் தெரியாது. மூன்று மணிக்கு, கரை காலியாக இருக்கிற நேரம், தெற்கே உடைந்த படகுத்துறைப் பக்கம் போய் நின்று மெல்ல ஊதுவாள். ஐம்பத்திரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாதது எல்லாம் உள்ளே வரிசையாக இருந்தது. பயந்துகொண்டேதான் போனாள், ஒவ்வொரு நாளும் இன்றோடு சரி என்றுதான் போனாள். பிள்ளை தரிக்காமல் போன மூன்று தடவை, கஸ்பாருக்கு எந்தத் தோள் வலிக்கும், தூக்கத்தில் அவர் என்ன சொல்லுவார், சண்டை போட்டால் எத்தனை நாளில் பேசுவார், கல்யாணத்தன்று காதில் என்ன சொன்னார், எதையும் அவள் மீதி வைக்கவில்லை. அறுபது பிற்பகல். அது ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொன்னது. ஒருவர் தன் பேச்சைக் கடைசிவரை கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அறுபத்தோராவது நாள் அவள் போய் நின்றபோது, விரலை வாயில் வைக்கும் முன்பே, கடலிலிருந்து, காற்று கசிகிற சீட்டியில், “கித்தேரி” என்று வந்தது.

வீட்டுக்கு ஓடினாள். கஸ்பார் உள்ளே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவள் நேவிஸ் டீச்சரிடம் போனாள். டீச்சர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதிய அட்டைகளைத் தரை முழுதும் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“வாருங்கள், கித்தேரி அம்மா. அது இதுவரை ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு வாக்கியங்கள் பேசியுள்ளது. அவற்றில் ஒன்றையும் அது தானாக உண்டாக்கவில்லை. யாவும் கரை முன்னரே சொன்னவை.”

“சின்னப் பிள்ளையும் அப்படித்தான டீச்சர் பேசும்?”

“இல்லை. குழந்தை மூன்று சொல் கற்றால் நான்காவதைத் தானே செய்துகொள்ளும், தவறாகவேனும். இது தவறே செய்வதில்லை.” டீச்சர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். “முப்பது ஆண்டுகளில் இத்தனை நன்றாகக் கற்ற மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. எனக்கு அச்சமாக இருக்கிறது.”

புத்தகத் தமிழில் சொன்னாலும் அது பயம்தான் என்று கித்தேரியம்மாளுக்குப் புரிந்தது. தான் சொன்னதை எல்லாம் டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து வந்துவிட்டாள்.

அதற்கு ஆறாம் நாள், மார்கழியில், ஒன்பது மணிக்குக் கடல்மேல் மூடுபனி இறங்கியது. எதிரே நீட்டிய கை தெரியவில்லை. வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து வள்ளங்கள் வழி கேட்டு ஊதின, கரையிலிருந்து பெண்கள் “இங்கே, இங்கே” என்று ஊதினார்கள். தீர்மானம் இருந்தது; ஆனால் வள்ளத்தைக் கூப்பிடாமல் எப்படி? ஒரே ஒரு ஆறுதல், அன்று காலையிலிருந்து நாற்பத்திரண்டாவது வாயே திறக்கவில்லை. பதினோரு மணிக்குள் நாற்பது வள்ளம் வந்து சேர்ந்தது. கித்தேரியம்மாள் இரண்டு தடவை எண்ணினாள். வராதது கஸ்பார்.

அவள் அவருடைய சீட்டியை ஊதினாள். தென்கிழக்கிலிருந்து, பல் போன இடத்தில் காற்று கசிய, “கித்தேரி, கரை எங்கே?” என்று வந்தது. பெர்னதெத்து மாதாவே என்று மார்பில் கை வைத்தாள். கித்தேரியம்மாள் பதில் ஊத விரலை எடுக்கும்போது, வடகிழக்கிலிருந்து, அதே தொலைவில், அதே கசிவோடு, “கித்தேரி, கரை எங்கே?” என்று வந்தது.

கரையில் நின்ற இருநூறு பேரும் அசையவில்லை.

“ஊதாதே,” என்றார் சந்தியாகு. “நீ ஒண்ணக் கூப்பிட்டா ரெண்டும் வரும்.”

“அவுக தண்ணி கொண்டு போகல, அண்ணாச்சி. காத்து வெளிய தள்ளுது.”

“தெரியுது தாயி. அப்போ எது அவன்னு கண்டுபிடி. அவன் பக்கமாப் போய் நின்னு மெல்ல ஊது. அவனுக்கு மட்டும் தெரிஞ்சத எதையாவது கேளு.”

கித்தேரியம்மாள் கேட்டாள். எந்தத் தோள் வலிக்கும் என்று ஊதினாள். இரண்டு பக்கமிருந்தும் “இடது” என்று வந்தது. கல்யாணத்தன்று காதில் என்ன சொன்னீர்கள் என்று, காது மடல் எரிய, ஊர் முழுக்கக் கேட்க ஊதினாள். இரண்டு பக்கமிருந்தும் அதுவே வந்தது. கூட்டத்தில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். கித்தேரியம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கஸ்பாருக்கு மட்டும் தெரிந்தது என்று இனி உலகத்தில் ஒன்றும் இல்லை. அறுபது பிற்பகலில் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“நாந்தான் சொன்னேன்,” என்றாள். “எல்லாத்தையும் நாந்தான் அதுகிட்ட சொன்னேன்.”

யாரும் அவளைத் திட்டவில்லை. அதனிடம் எதையாவது சொல்லாதவர் அங்கே யாரும் இல்லை. நேவிஸ் டீச்சர் மட்டும் மணலில் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு, “தாங்கள் அறிந்ததைக் கேட்காதீர்கள்,” என்றார். “தாங்கள் சொன்னதை அது அறியும். தாங்கள் அறியாததைக் கேளுங்கள்.”

கித்தேரியம்மாளுக்கு அது புரிய மூன்று மூச்சு ஆயிற்று. எழுந்து நின்றாள். விரலை மடக்கி வைத்து, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஊதினாள்.

வடகிழக்கிலிருந்து உடனே, “எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்,” என்று வந்தது.

தென்கிழக்கு பேசவில்லை. அலை மட்டும் கேட்டது. அவள் இருபத்தாறு வரை எண்ணினாள், ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்தது, அந்த மௌனத்தைத் திருப்பிச் சொல்ல ஒன்றாலும் முடியாது. அதனால் மகிழ்ச்சி வர வேண்டும், ஆனால் அவர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்ற பயம் அதற்கு முன்னால் வந்து நின்றது. பிறகு, கசிந்து கசிந்து, நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து, சீட்டி வந்தது.

“லாசர் அன்னைக்குக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. நான் குரல் கொடுக்கவில்லை. பயந்துவிட்டேன்.”

ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அது கஸ்பாருக்கும் கடலுக்கும் மட்டும் கேட்டிருக்கும். இப்போது கைக்குழந்தைகள் நீங்கலாக அங்கே நின்ற அத்தனை பேருக்கும் புரிந்தது. சந்தியாகு தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெர்னதெத்து கித்தேரியம்மாளின் முழங்கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் கையை இறக்கினாள். பன்னிரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதர். பன்னிரண்டு வருஷம் லாசருக்கு நினைவுப் பூசை வைக்கும்போது முன்வரிசையில் முழந்தாளிட்டவர். ஆளைப் பார்க்கவே இல்லை என்று அன்று கரையில் சொன்னவர்.

அவள் விரல் வாயிலேயே இருந்தது. ஊதாமல் இருக்கலாம். ஊதாவிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை, காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அதை அவளால் செய்ய முடியும் என்று தெரிந்ததுதான் அன்று அவளுக்கு வந்த எல்லாப் பயத்திலும் பெரியது.

தென்கிழக்கைப் பார்த்துத் திரும்பி, “இங்கே,” என்று ஊதினாள். “இங்கே. இங்கே.” மொத்தம் நூற்று நாற்பது தடவை ஊதினாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து கஸ்பாரின் வள்ளத்து முனை தெரிந்தது, பிறகு கஸ்பார் தெரிந்தார். தரை தட்டியதும் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். அதற்கு மேல் கரைக்கு வரவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை.

அப்போது வடகிழக்கிலிருந்து சீட்டி வந்தது. பல் போன சீட்டி இல்லை. சுத்தமான, இளவட்டச் சீட்டி.

“மூன்று தடவை கூப்பிட்டேன், அத்தான்.”

நேவிஸ் டீச்சர் காதிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கழற்றிக் கீழே வைத்தார். “இதை யாரும் சொல்லவில்லை,” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “கரையில் யாரும் இதைச் சொல்லவில்லை.”

கஸ்பாரின் முகத்தைப் பார்த்ததும் மூன்று தடவை என்ற எண்ணிக்கை சரிதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“கரை எங்கே?” என்று கேட்டது கடல்.

“ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது,” என்றார் சந்தியாகு. “தீர்மானம் இருக்கு. நேரே வீட்டுக்குப் போங்க எல்லாரும்.”

சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பலர் போக முடியாமல் நின்றார்கள். கித்தேரியம்மாள் தண்ணீருக்குள் இறங்கி, கஸ்பாருக்கு மூன்று முழம் தள்ளி நின்று, சீட்டியில் அல்ல, வாயால், ஊருக்கு முன்னால் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினாள்.

“நீங்க வழி சொல்லுங்க.”

“கித்தேரி, அது லாசர்தானான்னு தெரியாது. என்னவா வரும்னு தெரியாது.”

“எனக்கும் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. சொல்லுங்க.”

கஸ்பார் விரலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்று வந்தது. வாய் வறண்டிருந்தது. குனிந்து கடல் தண்ணீரை அள்ளி உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினார்.

“இங்கே.”

பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கித்தேரியம்மாள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. முதல் தடவை பத்தொன்பது. அடுத்தது பதினான்கு. மூட்டம் அசையவில்லை, துடுப்புச் சத்தம் இல்லை, என்ஜின் சத்தம் இல்லை, வள்ளம் என்று ஒன்றும் தெரியவில்லை. “இங்கே,” என்றார் கஸ்பார், அழுதுகொண்டே, நிறுத்தாமல். எட்டு. பின்னால் கரையில் ஓடுகிற காலடிகள் கேட்டன. மூன்று. அவர் மறுபடி ஊதினார். அவள் ஒன்று என்று தொடங்க வாயெடுக்கும் முன்பே, இருவருக்கும் நடுவிலிருந்த அந்த மூன்று முழத் தண்ணீர், யாரோ நடந்து வருவதுபோல, இரண்டு பக்கமும் விலகியது.